வீட்டு பஸ்

ஆறு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று முந்தின நாள் நான்கு முறை சொன்னவர் கோதண்டராமன்தான். ஆறேகாலுக்கு அவருடைய கால்கள் இரண்டு மட்டும் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சுந்தரி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் அவள் மடியைக் கடந்து, படியேறி, உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மிஷினுக்குப் போயிற்று.

“இன்னா பண்றீங்க அடியில?”

“ஒண்ணும் இல்ல. ஜாயின்ட்டுக்கு கிரீஸ் வெச்சேனான்னு பாக்கறேன்.”

“நேத்து வெச்சீங்க.”

“வெச்சேன். சரியா வெச்சேனான்னு பாக்கறேன்.”

“முந்தா நேத்தும் வெச்சீங்க. மனுஷன் சோறு துன்றத விட அது கிரீஸ் துன்னது ஜாஸ்தி. வேட்டியோட அடியில பூந்து கீறீங்களே, அது வெள்ள வேட்டி, தெரியுமா?”

கால்கள் கொஞ்சம் அசைந்தன. நீளமாகப் பேசியதில் சுந்தரிக்கு மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்வதற்கான காற்று சேரும்வரை காத்திருந்தாள். இந்தக் காத்திருப்புதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். திட்டுவதற்குக்கூட தவணை முறையில் திட்ட வேண்டியிருந்தது.

மாதனூரில் அந்த பஸ்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. ஷூ கம்பெனி ஒன்றுக்காக விடியற்காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடிய இருபத்தாறு சீட் வண்டி. கம்பெனி அதைக் கழித்துக் கட்டியபோது, அதே கம்பெனி ஷெட்டில் இருபத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த கோதண்டராமன் வாங்கிவந்து வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார். சீட்டுகளைக் கழற்றினார். கட்டில் வந்தது. கூரையில் தண்ணீர் டேங்க், அதற்கு ஒரு குட்டி மோட்டார், மூலையில் ஒற்றை அடுப்பு, பக்கத்தில் கை கழுவ ஒரு தொட்டி, பின்னால் திரை மறைவில் ஒரு கக்கூஸ், இரண்டு ஃபேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். தெருவில் வீட்டு பஸ் என்று பேர் வைத்தார்கள். பேருக்கு ஏற்ற மாதிரி அது வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை.

இரண்டு வருஷமாகப் போகவில்லை. கிளம்பலாம் என்று நாள் குறித்தால், அதற்கு முந்தின வாரம் ஏதாவது ஒன்று வந்துவிடும். ரெண்டாவது கியர் தெறிக்கிறது என்பார். கியர் பாக்ஸ் கீழே இறங்கும். கியர் பாக்ஸ் ஏறினால் கிளட்ச் பிளேட் வாசனை வருகிறது என்பார். அது முடிந்தால் டீசல் டேங்கில் துரு. அப்புறம் தண்ணீர் மோட்டார். போன மாதம் எல்லாம் சரியாக இருக்கவே, சேஸிஸில் துரு பிடித்துவிடும் என்று வண்டியின் அடிவயிறு முழுக்க இரண்டு கோட் கறுப்பு பெயின்ட் அடித்தார். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி அடித்துவிட்டு மறுபடி மாட்டினார்.

“எதுக்குங்க இதெல்லாம்? ஒரு கார வெச்சா ஒரு சிலிண்டரோட போய்ட்டு வந்துடலாம்” என்று சுந்தரி நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

“கார்ல போனதுதான் பாத்தோமே” என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

கார் சமாச்சாரம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சுந்தரி ஆம்பூர் பக்கம் ஒரு தோல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பஃபிங் மிஷினில் நின்றவள். எமரி பேப்பர் என்கிற உப்புத்தாள் சுற்றிய உருளையில் தோலைக் கொடுத்து வாங்கினால் மாவு மாதிரித் தூசு பறக்கும். அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிட்டது என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னார். அப்போது பெண் பாரதிக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். திருப்பத்தூருக்குப் பெண்ணைப் பார்க்கப் போன காரை, வாணியம்பாடிக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த ஒரு டேங்கர் லாரி மூன்றரை மணி நேரம் நிறுத்திவைத்தது. சிலிண்டர் முடிந்தது. முன்னாலும் பின்னாலும் நகர முடியாத வண்டிகளுக்கு நடுவே சுந்தரியின் உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறியதைக் கோதண்டராமன் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர் பைக்கில் போய் சிலிண்டர் கொண்டுவந்ததால் பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர் அவளை எந்த வண்டியிலும் ஊர் தாண்டி ஏற்றவில்லை. பக்கத்து டாக்டர், வீடு, டாக்டர், வீடு.

பேரன் தமிழ்வேந்தன் பிறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. பிரசவமும் திருப்பத்தூரிலேயே ஆனதால் அவனை சுந்தரி போனில்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்து தூசும் தோல் நாத்தமும் கைக்குழந்தைக்கு ஆகாது என்று சம்பந்தி பட்டம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். இன்று அவனுக்குக் காது குத்து. பாரதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் இல்லாததால் தாத்தா கோதண்டராமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நேரம்.

இந்த முறை சுந்தரி சொல்லிவிட்டாள். “பஸ்ஸோ காரோ, எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கெழம நான் போறேன். நீங்க கெளம்பலன்னா நான் நடந்து போவேன். எங்க விழறனோ அங்க வந்து எடுத்துக்குங்க.”

ஆறே முக்காலுக்கு பஸ் கிளம்பியது.

ஆவணி மாதத்துப் புழுக்கம். முந்தின நாள் பெய்த மழை ஈரம் காயாமல் காற்று கனத்துக் கிடந்தது. மிஷினை பஸ்ஸுக்குள் ஏற்றி இன்வெர்ட்டரில் மாட்டியாயிற்று. சுந்தரி கட்டிலில் சாய்ந்து, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். சீர்த் தட்டுகள் கட்டிலின் கால்மாட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. கோதண்டராமன் நாற்பதைத் தாண்டவில்லை. ஆம்பூரைக் கடக்கும்போது ஒரு டிராக்டர் அவர்களை முந்திக்கொண்டு போனது.

“டிராக்டர் போய்ட்டான்” என்றாள் சுந்தரி.

“போவட்டும்.”

“மாடு ஏதாவது வருதா பாருங்க, அதுக்கும் வழி வுடலாம்.”

அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இன்வெர்ட்டர் பீப் பீப் என்றது. உடனே நின்றது. கோதண்டராமன் பிரேக்கில் காலை வைத்தார்.

“இன்னா சத்தம் அது?”

“ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க.”

அடுத்த வேகத்தடையில் மறுபடி பீப் பீப். வாணியம்பாடிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது சத்தம் நிற்காமல் நீண்டது. ஃபேன் சுற்றல் குறைந்தது. ஆக்சிஜன் மிஷின் கீ என்று கத்திவிட்டு அணைந்தது.

கோதண்டராமன் பஸ்ஸை சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி ஐந்து நிமிஷம்.

“ரெண்டு மணி நேரம் தாங்கும்” என்றார். அவளுக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

“அதான் தாங்குதே. மொகத்த ஏன் அப்படி வெச்சிக்கினு கீறீங்க? போய்ப் பாருங்க.”

அவர் மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பேட்டரி முழுசாக இருந்தது. இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டார். அதன் விளக்கு சாதுவாக எரிந்தது. மிஷினும் ஓடியது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஃபேன் சுற்றியது.

“ஓடுதே” என்றாள் சுந்தரி.

“ஓடுது.”

“அப்போ போலாம்.”

போனார்கள். நூறு அடி போவதற்குள் கீ என்று கத்தி அணைந்தது. நிறுத்தினார். ஓடியது. கிளப்பினார். அணைந்தது. கோதண்டராமன் இறங்கி முன்பக்கத்து மூடியைத் திறந்தார். டைனமோ பெல்ட்டை இறுக்கினார். கிளப்பினார். அணைந்தது. ஃபியூஸைக் கழற்றி, வேறு ஃபியூஸ் போட்டார். அணைந்தது.

டீக்கடையிலிருந்து டம்ளரோடு இரண்டு பேர் வந்தார்கள். இன்வெர்ட்டர் போய்விட்டது என்றார் ஒருவர். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினீங்களா என்றார் இன்னொருவர். இந்த மாதிரி வண்டியெல்லாம் நம்ம ஊர் ரோட்டுக்குச் சரிப்படாது என்று முதலாமவர் சொன்னார். கோதண்டராமன் ஆம்பூருக்குப் போன் போட்டார்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் முக்தார் அகமது கம்பெனி ஷெட்டில் அவரோடு வேலை பார்த்தவர். பஸ்ஸுக்கு ஒயரிங் செய்ததில் பாதி அவர் கை. பைக்கில் கருவிப் பையோடு வந்து சேரும்போது மணி எட்டேமுக்கால். அதற்குள் பாரதி மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

“எங்கப்பா கீறீங்க? காது குத்தற பத்தர் வந்து உக்காந்துட்டாரு. எங்க மாமியார் மணியப் பாத்துக்கினே கீறாங்க.”

“வாணியம்பாடிகிட்ட கீறோம்மா. சின்ன பிரச்சன.”

“சின்ன பிரச்சனையா? அம்மா எங்க? அம்மாகிட்ட குடுங்க.”

சுந்தரி போனை வாங்கி, “நான் நல்லாதான்டி கீறேன். உங்கப்பாவுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. பஸ்ஸு ஜொரம்” என்றாள்.

முக்தார் பின்பக்கத்துப் படியில் ஏறி உள்ளே வந்தார். “இன்னா தங்கச்சி, நீங்களாவது சொல்லக் கூடாதா, இந்த ஆளுகிட்ட?”

“நான் சொல்லி எதுண்ணா நடந்துது?”

முக்தார் இன்வெர்ட்டரைத் திறந்து டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தார். குறை தெரியவில்லை. சார்ஜ் ரிலேயைக் கழற்றி வேறு போட்டார். கிளப்பிப் பார்த்தார்கள். அணைந்தது. ஒயர் ஒயராகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்பதே கால். வியர்வை இரண்டு பேர் முகத்திலும் வழிந்தது. கோதண்டராமன் சொன்னார்:

“பாய், பேசாம வண்டிய திருப்பிடலாம். வீட்டுக்குப் போய் எல்லாத்தயும் எறக்கி முழுசா ஒருக்கா பாக்கணும். இன்வெர்ட்டர் மாத்தணும். அடுத்த மாசம்...”

முக்தார் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார்.

“யோவ் கோதண்டம், போதும்யா. என்னால முடியல. பேஜாரா கீது. தங்கச்சி, நான் சொல்லிடறேன், என்மேல கோச்சிக்காதீங்க. இந்த வண்டி போன சித்திரையிலியே ரெடி. நான்தான் கடைசி ஒயர் மாட்டுனேன். ஏலகிரி மேல ஏத்தி எறக்கலாம், அப்படி ரெடி. இந்த ஆளு பயந்துக்கினு, கிளட்ச்சுன்றான், துருன்றான், பெயின்டுன்றான். என்னையும் பொய் சொல்ல வெச்சான். நீங்க போன் பண்ணி கேட்டப்பல்லாம், ஆமாம் தங்கச்சி, இன்னும் வேல கீதுன்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன்.”

கோதண்டராமன் ஃபியூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சுந்தரி காற்று சேரும்வரை காத்திருந்தாள். “கியர் பாக்ஸ ரெண்டு தடவ எறக்குனீங்களே” என்றாள். “மொத தடவ எறக்குனப்போ மூணு நாளைக்கி உங்க கைல எண்ண போவல. சோத்துலகூட எண்ண வாசன. ரெண்டாவது தடவ எறக்குனப்போ சாயங்காலம் கை சுத்தமா இருந்துது. சும்மா கழட்டி, சும்மா மாட்டிட்டு வந்து உக்காந்துக்கினீங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

கோதண்டராமன் திரும்பினார். “தெரிஞ்சுமா கேக்காம இருந்த?”

“கேட்டா இன்னா சொல்லுவீங்க? பயமா கீதுன்னு சொல்லுவீங்களா? சொன்னாத்தான் பரவால்லயே. உக்காந்து ரெண்டு பேரும் அழுதுட்டு, கெளம்பிப் போயிருக்கலாம். என் பேரன் கவுந்தான், ஒக்காந்தான், தவழ்ந்தான், எல்லாத்தயும் நான் போன்ல பாத்தேன்யா.”

யா என்று அவள் அவரைக் கூப்பிட்டது கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ. அவர் பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“அன்னிக்கி கார்ல...” என்று ஆரம்பித்தார். “நீ கண்ண மூடிக்கின. உனக்குத் தெரியாது. நான்தான் பாத்தேன். நான் மெக்கானிக்கு. எத்தினி வண்டி நின்னாலும் கெளப்பி வுட்டவன். அன்னிக்கி என் கையில ஒண்ணுமே இல்ல சுந்தரி.”

முக்தார் படியில் இறங்கிப் போனார். ஒரு நிமிஷம் கழித்து மூன்று டீயோடு திரும்பிப் படியேறினார். அப்போது சுந்தரி தலையைத் தூக்கினாள்.

“அண்ணா, எறங்குங்க.”

“இன்னாது?”

“எறங்குங்க. கோச்சிக்கல. எறங்கிட்டு மறுபடி ஏறுங்க.”

முக்தார் டீத் தட்டோடு இறங்கினார். ஏறினார்.

“இன்னொரு தடவ.”

“இன்னா தங்கச்சி வெளாட்டு இது?”

“மிஷின் ஓடுதில்ல? அதோட சத்தத்தக் கேளுங்க. நீங்க படியில கால் வெச்சா சத்தம் எறங்குது. கால எடுத்தா சரியாவுது. காலையில இருந்தே இவரு ஏறி எறங்கறப்பவும் அப்படித்தான் இருந்துது. நான் மூச்சு வாங்குதுன்னு கவனிக்கல.”

இரண்டு ஆண்களும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். அவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. சுந்தரிக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் உருளைச் சத்தத்தை வைத்தே பெல்ட் நழுவுகிறதா, கரன்ட் குறைகிறதா, பேப்பர் தேய்ந்துவிட்டதா என்று சொன்னவள் அவள். மெக்கானிக் வருவதற்கு முன்னாலேயே மிஷினை அணைத்துவிடுவாள். முக்தார் படியில் நின்று தொம் தொம் என்று குதித்தார். மிஷினின் கர் சத்தம் குழைந்தது. இன்வெர்ட்டர் பீப் என்றது. இப்போது டீக்கடையிலிருந்து வந்து நின்றவர்களுக்கும் கேட்டது.

“எர்த்து!” என்று கத்தினார் முக்தார். “யோவ், இன்வெர்ட்டர் எர்த்த எங்க புடிச்ச?”

கோதண்டராமன் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தார். வெள்ளை வேட்டியோடு ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, பின்பக்கத்துப் படிக்கு அடியில் புகுந்தார். படி மாட்டியிருந்த இரும்புக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டரிலிருந்து இறங்கிய விரல் பருமன் கறுப்பு ஒயர் சேஸிஸில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

“இன்னாய்யா?” என்றார் முக்தார் குனிந்து.

“பெயின்ட்டு.”

“இன்னாது?”

“பெயின்ட்டு மேலயே மாட்டிட்டேன் பாய். இரும்புல படவே இல்ல. போல்ட்டு மறையில மட்டும் துளியூண்டு பட்டுக்கினு இருந்திருக்கு. குலுங்குனா வுட்டுப் போவுது. வீட்ல நிக்கறப்போ லைன் கரன்ட்ல ஓடுச்சி, தெரியல.”

துரு பிடிக்கக் கூடாது என்று அடித்த இரண்டு கோட் பெயின்ட். முக்தார் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடியிலிருந்து கோதண்டராமன், “சிரிக்காதய்யா, பேப்பர் குடு” என்று எரிந்து விழுந்தார்.

முக்தார் பையிலிருந்து எமரி பேப்பரை எடுத்து நீட்டினார். கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகச் சுந்தரி பார்த்துவிட்டாள்.

“எத்தினியாம் நம்பர் அது?”

“முன்னூறு தங்கச்சி.”

“அது நைசு. அதுல தேச்சா பொழுது போயிடும். எம்பது நம்பர் இருந்தா குடுங்க.”

எண்பது நம்பர் இருந்தது. இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும்வரை கோதண்டராமன் தேய்த்தார். ஒயர் முனையையும் தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போகும்போது மணி பத்து. குழாயை மிஷினுக்கு மாற்றினார்கள். முக்தார் படியில் ஏறி, தன் கனம் முழுவதையும் போட்டுக் குதித்தார். மிஷின் அலட்டிக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. பாரதி.

“அப்பா, நேரம் முடியப் போவுது. ஒரு காது குத்தியாச்சி.”

“ஒரு காதா?”

“எங்க மாமியார் அவங்க தம்பி மடியில வெச்சி குத்தச் சொல்லிட்டாங்க. அழுதுட்டே சரின்னேன். ஒரு காது ஆனதும் எனக்கு மனசு கேக்கல. புள்ளயத் தூக்கிக்கினேன். இன்னொரு காது எங்கப்பா வந்துதான்னு சொல்லிட்டேன். இங்க பெரிய சண்ட. பன்னண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள வருவீங்களா, மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க.”

கோதண்டராமன் சுந்தரியைப் பார்த்தார். அவள் கட்டிலை விட்டு இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“வர்றோம்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஓட்டுங்க. நாப்பதுல போனீங்கன்னா நான் எறங்கிடுவேன்.”

அறுபதில் போனார். வாணியம்பாடி ஊருக்குள் மட்டும் முகூர்த்த நாள் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர வேண்டியிருந்தது. பள்ளங்களில் சீர்த் தட்டுகள் கலகலத்தன. மக்கன்பேடா இனிப்புப் பெட்டி ஒன்று சரிந்து ஜீரா ஒழுகியது. யாரும் எழுந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மிஷின் கர் என்று ஒரே சீராக ஓடியது.

திருப்பத்தூரில் மருமகன் இன்பசேகரன் வீட்டுத் தெருவுக்குள் பஸ் நுழையவில்லை. மேலே கம்பிகள் தொங்கின. தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிறுத்தும்போது மணி பதினொன்றே முக்கால். பந்தலில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. அரை மணிக்கு முன்னால்தான் டிரான்ஸ்பார்மர் வெடித்ததாம். பிரியாணி ஆவியும் புழுக்கமும் சேர்ந்து, பட்டுப்புடவைகள் எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் இலையாலும் பத்திரிகை அட்டையாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அத்தனைக்கும் மேலே குழந்தையின் அலறல் கேட்டது.

கோதண்டராமன் அடிக் கறுப்பும் சேறும் அப்பிய வேட்டியோடு இறங்கினார். பட்டம்மாள் எதிரில் வந்து நின்றாள்.

“வாங்க சம்பந்தி. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இன்னா வேட்டி இது? புள்ளயோட சொந்தத் தாத்தா கோலம் இதானா?”

“தப்புதான். வண்டி...”

“வண்டி, வண்டி, வண்டி. ஒரு வருஷமா கேட்டுக்கினு கீறேன் அந்த வண்டிய. ஒத்தக் காதோட புள்ள ஒன்ற மணி நேரமா கத்துது. பத்தர் வேற வீட்டுக்குப் போணும்னு குதிக்கறாரு. உள்ள வாங்க, சீக்கிரம் ஆவட்டும்.”

“அம்மா எங்கப்பா?” என்றாள் பாரதி. அவள் இடுப்பில் குழந்தை முகம் சிவந்து, வியர்வையும் மூக்குச் சளியுமாகத் திமிறியது. ஒரு காதில் பொட்டுத் தங்கம், சுற்றிலும் சந்தனம்.

“பஸ்லதான். வீடு வரைக்கும் குழா எட்டாது.”

“அப்போ பஸ்லயே குத்தலாம்.”

“பஸ்லயா?” என்றாள் பட்டம்மாள். “எங்க வம்சத்துல யாருக்காவது பஸ்ல காது குத்தி நீ பாத்திருக்கியா?”

“என் கண்ணுக்கு வெளிச்சம் வேணும்மா” என்றார் பத்தர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “உள்ள இருட்டா கீது. என் கையெல்லாம் வேர்வ வழுக்குது. ஊசி தவறிச்சின்னா என்னச் சொல்லக் கூடாது. மணி பதினொன்னு நாப்பத்தெட்டு.”

பட்டம்மாள் மணியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், தெருமுனையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மருமகளிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, முதல் ஆளாகப் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

உள்ளே இரண்டு ஃபேனும் ஓடின. விளக்கு எரிந்தது. சுந்தரி தொட்டியில் கை கழுவி, ஈரத் துண்டோடு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். காற்று பட்டதும் குழந்தை அலறுவதை நிறுத்தி, மேலே சுற்றுகிற ஃபேனை வாயைத் திறந்து பார்த்தது. கோதண்டராமன் வேட்டியை அவிழ்த்து மருமகன் கொண்டுவந்த வேட்டியைச் சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நட்டு போல்ட்டு பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அந்தத் தலையை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறின.

“நல்லாப் புடிங்க” என்றார் பத்தர்.

“புடிங்க, ஒண்ணும் ஆவாது” என்றாள் சுந்தரி.

ஒரு நொடி. குழந்தை வீல் என்று கத்தியது. பதினொன்று ஐம்பத்தைந்து. பாரதி அழுதாள். இன்பசேகரன் படியில் நின்றபடி சர்க்கரை வழங்கினான்.

சுந்தரி கையை நீட்டினாள். பட்டம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் நெஞ்சில் சாய்த்தாள். ஈரத் துண்டால் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்தாள் சுந்தரி. தேம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் மூக்குக் குழாயைக் குழந்தை எட்டிப் பிடித்து இழுத்தது. “அது என்னுதுடா” என்று மெதுவாக விடுவித்தாள். மறுபடி பிடித்தது. பிடித்தபடியே கண் சொருகித் தூங்கிப்போனது.

ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். பட்டம்மாள் போகவில்லை. ஃபேனுக்கு நேராகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, திரை எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்தாள்.

“சம்பந்தி அம்மா, ஊட்ல ஃபேன் வர வரைக்கும் இங்கியே இருங்க” என்றாள் சுந்தரி.

“இருக்காம?” என்றாள் பட்டம்மாள். “அந்த நெருப்புல போய் இன்னா பண்றது.”

கோதண்டராமன் எழுந்தார். இன்வெர்ட்டர் முள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு, எர்த்து போல்ட்டையும் ஒருக்கா தொட்டுப் பார்க்கலாம் என்று ஸ்பேனரைத் தேடிக் கை போனது. பட்டம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா சம்பந்தி, எழுந்துட்டீங்க?”

“இல்ல, சும்மா. ஒரு நட்டு...”

“எத்தயும் தொடாதீங்க” என்றாள் பட்டம்மாள், குரலைத் தாழ்த்தி, ஆனால் கண்டிப்பாக. “ஓடறது ஓடட்டும். புள்ள இப்பதான் தூங்கறான். பேசாம உக்காருங்க.”

கோதண்டராமன் சுந்தரியைப் பார்த்தார். அவளும் உட்காரும்படிக் கண்ணால் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த பஸ்ஸில் அவர் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.